அந்த ஐந்து மில்லிமீட்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், தேர்தல் முடிந்து வந்த புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில், மலையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. நான் பிறந்தது நகரியில், தறி ஓடும் வீட்டில். கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகுதான் நிலமும் மாடும் பழகின. காட்டுப்பன்றியும் இங்கே வந்துதான் பழகியது.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் வேர்க்கடலை. காய் பிடிக்கும் சமயத்தில் பன்றிக் கூட்டம் மலையிலிருந்து இறங்கிவிடும். உழுத மாதிரி நிலத்தைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். என் வீட்டுக்காரர் இருந்தவரை பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அவருடைய தாத்தா காலத்தில் ஜமீன் ஆள் ஒருவரிடமிருந்து வந்தது. சுடுவதென்றால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான். கடைசி சில வருடங்களில் அவர் அதையும் செய்யவில்லை. உடம்பு முடியாமல் போய், ஒரு நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். தாசில்தார் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று நடையாய் நடந்தேன். விசாரணைக்கு வந்த எஸ்.ஐ., "மேடம், நீங்களேவா சுடப்போறீங்க?" என்று கேட்டார். "என் நிலத்துக்கு நான் சுடாம வேற யாரு சார் சுடுவாங்க?" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். போலீஸ் மைதானத்தில் பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே கொடுத்தது புதுத் துப்பாக்கி, புதுத் தோட்டா. பத்து முறை சுட்டேன். முதல் முறை தோள் வலித்தது, பிறகு பழகிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புது வேலையைக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

லைசென்ஸ் கைக்கு வந்த சில நாளில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. எல்லோரையும் போல நானும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது ஆடி மாதம். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தேன். குழல் முழுக்கப் பழுப்பும் வெள்ளையுமாக அலை அலையாக ரேகை ஓடும். புடவையில் கரைக்கு டிசைன் போடுவதுபோல அழகுக்காகச் செய்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

புரட்டாசி பிறந்ததும் பன்றிகள் வர ஆரம்பித்தன. என் கொழுந்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, தோட்டா வாங்கச் சித்தூர் போனேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "மேடம், நீங்க அப்படி ஃபேன் கீழ உட்காருங்க" என்று வாசல் பக்கம் இருந்த பெஞ்சைக் காட்டினார். டீ வரவழைத்தார். மரியாதையான மனிதர் என்று நினைத்தேன்.

ஆனால் பேச்செல்லாம் என் கொழுந்தனாரிடம்தான். துப்பாக்கியை மடக்கித் திறந்தார், குழலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், அடியில் இருந்த எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தார். பிறகு தெலுங்கில் நீளமாக ஏதோ விளக்கினார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாசலில் லாரி போகிற சத்தம், தலைக்கு மேல் ஃபேன் சத்தம். ஒன்றும் காதில் விழவில்லை. கடைசியில் லைசென்ஸ் புத்தகத்தையும் என்னிடம் கொடுக்காமல் அவரிடமே கொடுத்தார். அதில் ஒட்டியிருப்பது என் போட்டோ. "இப்ப தோட்டா இல்லைம்மா" என்று என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை. அவருக்குப் பின்னால் அலமாரியில் எங்கள் துப்பாக்கியின் குழல் அளவான பன்னிரண்டு போர் என்று எழுதிய பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பஸ்ஸில் கொழுந்தனாரைக் கேட்டேன். "அவ்ளோ நேரம் இன்னா சொல்லிக்கினு இருந்தாரு?"

"பழைய துப்பாக்கியாம் அண்ணி. தோட்டா வேற மாதிரி வேணுமாம், வரவழைக்கணுமாம். போன் பண்றேன்னாரு. ஏதோ அளவெல்லாம் சொன்னாரு, எனக்கு ஒண்ணும் ஏறலை. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். ஒரு பொம்பளைக்குத் தோட்டா கொடுக்க அந்த மனிதருக்கு இஷ்டமில்லை, அதற்கு ஒரு சாக்கு. அந்தக் கோபம் வீடு வரும்வரை தணியவில்லை, வந்த பிறகும் தணியவில்லை.

அடுத்த வாரம் பன்றிகள் கிழக்குப் பக்கம் கால் ஏக்கரைக் காலி செய்துவிட்டன. மறுநாளே நான் தனியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை, லைசென்ஸ் மட்டும். அங்கே ஒரு கடையில் பன்னிரண்டு போர் தோட்டா வேண்டும் என்றேன். லைசென்ஸைப் பார்த்தார்கள், பதிந்துகொண்டார்கள், ஒரு பெட்டி கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்டதைக் கொடுத்தார்கள், என்ன துப்பாக்கி என்று நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தோட்டாவைக் குழலில் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போய் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. நிமிர்த்தினால் 'டக்' என்று மூடியது. "பாத்தியா, வேற மாதிரி தோட்டாவாம்" என்று கொழுந்தனாரிடம் சொல்லிக் காட்டினேன். "ஞாயித்துக்கிழமை காலையில வயல்ல ஒரு வேட்டு போட்டுப் பாக்கறேன். நீ மாட்டை மட்டும் தள்ளிக் கட்டு" என்றேன்.

சனிக்கிழமை சாயந்திரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் சித்தூர் கடைக்காரர். பெயர் சொல்லி முடிப்பதற்குள், "எனக்குத் தோட்டா கெடைச்சாச்சுங்க அண்ணா. உங்களுக்குச் சிரமம் வேணாம்" என்று வைத்துவிட்டேன். திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. இன்னொரு முறையும் அடித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்தேன்.

அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் முதலில் என் கொழுந்தனாருக்குத்தான் போன் செய்திருக்கிறார், வேண்டிய தோட்டாவுக்குச் சொல்லிவிட்டேன் என்று சொல்வதற்காக. இவர், "வேணாங்க, அண்ணி திருப்பதியில வாங்கிட்டாங்க" என்றிருக்கிறார். "எந்த அளவு?" "தெரியாதுங்க." "எப்ப சுடறாங்க?" "நாளைக்குக் காலையில." அதோடு இவர் போனில் சார்ஜ் தீர்ந்து பேச்சு நின்றுவிட, அதன் பிறகுதான் எனக்கு மூன்று முறை போன் அடித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். நல்ல இளவெயில். நான் வரப்பில் நின்றிருந்தேன். என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். "அக்கா, நீ சுடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுச் சுடு. நான் கண்ணையும் மூடிக்கறேன்" என்றாள். இரண்டு குழலிலும் தோட்டா போட்டு மூடினேன். மைதானத்தில் சொல்லிக்கொடுத்தபடி காலை அகட்டி நின்றேன்.

அப்போதுதான் மண்பாதையில் ஒரு ஸ்கூட்டர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. அதை அப்படியே சாய்த்துவிட்டு ஒருவர் வரப்பு மேல் ஓடி வந்தார். வரப்பில் ஓடிப் பழக்கமில்லாத கால். பாதி வழியில் வழுக்கி ஒரு கால் முழங்கால்வரை பக்கத்து நெல்வயல் சேற்றில் இறங்கியது. நெற்றியில் ஏற்றிய கண்ணாடியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"அம்மா, வத்து, வேணாம். துப்பாக்கிய தொறங்க. தொறந்து கையில வெச்சிக்குங்க" என்றார் மூச்சு வாங்க.

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் சொன்னதற்காக நான் திறந்திருக்க மாட்டேன். ஆனால் எதிரே ஆள் வந்தால் துப்பாக்கியைத் திறந்துவிட வேண்டும் என்று பயிற்சியில் அழுத்திச் சொல்லியிருந்தார்கள். கை தானாகத் திறந்துவிட்டது. தோட்டா இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

"இங்கயும் வந்துட்டீங்களா? உங்க கடையில இல்லைன்னீங்க, வேற கடையில வாங்கினேன். அதுல இன்னா தப்பு?" என்றேன்.

அவர் கையை நீட்டினார். "பெட்டிய மட்டும் காட்டுங்கம்மா" என்றார். ஓரகத்தி எடுத்துக் கொடுத்தாள். அதில் ஓரத்தில் அச்சிட்டிருந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். எழுபது.

"எழுபது மில்லிமீட்டர். உங்க துப்பாக்கி அறுபத்தஞ்சு."

"உள்ள நல்லா போய் உக்காந்துதுங்களே" என்றேன்.

"போகும். அதுதான் இதுல இருக்கிற ஆபத்து" என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்தார். ஏற்கெனவே சுட்டது, அதுவும் எழுபதுதான். புதுத் தோட்டாவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். புதிதின் வாய் மடித்து மூடியிருந்தது. அதனால் குட்டை. சுட்டதன் வாய் பூவாக விரிந்து நீளமாக இருந்தது. "பெட்டியில போடற நம்பர், வாய் விரிஞ்ச பிறகு இருக்கிற நீளம்மா. நீங்களே உள்ள போட்டுப் பாருங்க."

போட்டேன். பெரும்பகுதி சுலபமாகப் போயிற்று. பிறகு நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளியும் நகக்கண் அளவு வெளியிலேயே நின்றது.

"சுடும்போது வாய் விரிய உள்ள எடம் இல்லை. குழல் குறுகற எடத்துல போய் முட்டும். குண்டு வெளிய போற வழி அடைபடும், உள்ள அழுத்தம் ஏறும். புதுத் துப்பாக்கியே தாங்கறது கஷ்டம். இது இரும்புப் பட்டைய முறுக்கிச் சுத்தி, காய்ச்சி அடிச்சி செஞ்ச குழல். இந்த அலை அலையா இருக்குது பாருங்க, அது டிசைன் இல்லை. பட்டை பட்டையா ஒட்டின தடம்."

நான் குழலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுடும்போது இடது கைய எங்க வெச்சிப் பிடிப்பீங்க?" என்று கேட்டார்.

வைத்துக் காட்டினேன். குழலுக்கு அடியில், தோட்டா உட்காரும் இடத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில். அவர் அந்தக் கையைப் பார்த்தார். என் ஓரகத்திதான், "ஐயோ அக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வெடிச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"வெடிக்கும்னு நான் சொல்லமாட்டேம்மா. பத்து வேட்டு தாங்கலாம், பதினொண்ணாவதுல போகலாம். மொத வேட்டுலயும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் ராத்திரி தூக்கம் வரலை, விடியங்காட்டி வண்டிய எடுத்துட்டேன்."

சித்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு அந்த மலைப்பாதையில் ஸ்கூட்டரில் வருவதென்றால் விளையாட்டில்லை. அதுவும் கடை லீவு நாளில், போனைக்கூட எடுக்காத ஒருத்திக்காக. அதை யோசித்தபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அவர்தான் முதலில் பேசினார். "அன்னைக்குக் கடையில இதையெல்லாம் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். லைசென்ஸ் உங்க பேர்ல இருக்குது, சுடறதும் நீங்க. நான் உங்களை உக்கார வெச்சிட்டு அவருகிட்ட சொன்னேன். பழக்கம்மா. தப்புதான்."

"நான் பொம்பளைன்னுதான் நீங்க குடுக்கலைன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

"நெனைக்கிற மாதிரிதான் நடந்துக்கிட்டேன்" என்றார். சிரிக்கவில்லை.

கொழுந்தனார் இதற்குள் மாட்டைக் கட்டிவிட்டு வந்து சேர்ந்திருந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் காரணம் நான்தான். புரியலைன்னு அங்கயே கேட்டிருக்கணும்" என்றார். மூன்று பேரும் ஆளுக்கொரு தப்பைப் பங்குபோட்டுக்கொண்டு வரப்பில் நிற்பதைப் பார்த்து ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, காலைக் கழுவிக்கினு வாங்க, சூடா களி கீது, துன்னுட்டுப் போலாம்" என்றாள். சேற்றுக் காலோடு அவர் எங்கள் கிணற்றடிக்கு வந்தார். களியும் வேர்க்கடலைச் சட்னியும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது லைசென்ஸ் புத்தகத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்து கொழுந்தனார் பக்கம் திரும்பினார். பிறகு தானே சுதாரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அடுத்த வாரம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நான் தனியாகவே சித்தூர் போனேன். இந்த முறை பெஞ்சில் உட்காரவில்லை. கவுண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அடியில் இருந்த முத்திரைகளை லென்ஸ் வைத்து என்னையே படிக்கச் சொன்னார். இந்தக் காலத்துப் புகையில்லாத வெடிமருந்துக்கும் தாங்கும் என்று இந்தக் குழலைச் சோதித்திருக்கிறார்கள், ஆனால் குறைந்த அழுத்தத்துக்குத்தான் என்பது அதிலேயே இருந்தது. குழலைத் தனியாகக் கழற்றி நூலில் தொங்கவிட்டு ஒரு மரக்குச்சியால் தட்டினார். கோயில் மணி மாதிரி சத்தம் இழுத்துக்கொண்டு போயிற்று. "ஒட்டு எங்கயும் விடலை. விட்டிருந்தா ஓட்டைப் பானை சத்தம் வரும்" என்றார். ஆனால் அது மட்டும் போதாது என்று ஒரு கருவியை உள்ளே விட்டுக் குழலின் கனத்தை இடம் இடமாக அளந்தார். வலது குழல் நன்றாக இருந்தது. இடது குழலில் ஒரு இடத்தில் துரு அரித்து மெலிந்திருந்தது. "இதுல எந்தத் தோட்டாவும் போடாதீங்க. வலது மட்டும்தான்" என்றார்.

நான் எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள, "அப்ப பொடிக் குண்டா, கம்மியா போட்டது எதையாவது குடுங்க. அழுத்தம் கம்மியா இருக்கும் இல்ல?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. குண்டு பொடியா இருக்கறதுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தம் இல்லைம்மா. குண்டு கம்மியா இருந்தாகூட, மருந்து வேகமா எரியற ஜாதின்னா அழுத்தம் ஏறிடும். நீளம் அறுபத்தஞ்சான்னு பாக்கணும். அப்புறம் இந்தத் தோட்டாவோட அழுத்தம் இவ்ளோதான்னு செஞ்சவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களான்னு பாக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் வாங்கணும். ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லைன்னா, வெச்சிட்டு வந்துடுங்க."

இதில் பாதி எனக்குப் புரியவில்லை. "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன். முகம் சுளிக்காமல், காகிதத்தில் படம் போட்டு மறுபடி சொன்னார். அன்று அந்தக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருப்பேன்.

திருப்பதியில் வாங்கிய பெட்டியை அங்கே கொண்டுபோய் அதே கடையில் முறைப்படி திருப்பி ஒப்படைத்தேன். நடந்ததைச் சொன்னதும், அங்கிருந்தவர் பெட்டி ஓரத்து எண்ணைத் திருப்பிப் பார்த்தார். "இனிமே என்ன துப்பாக்கின்னு கேட்டுட்டுத்தான் குடுக்கறோம்மா" என்றார்.

சரியான தோட்டா வெளியூரிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை நானும் கொழுந்தனாரும் ஓரகத்தியும் தகரத்தைத் தட்டியே காலத்தை ஓட்டினோம். இன்னும் கொஞ்சம் கடலை போனதென்னவோ உண்மைதான். அதற்காக எனக்கு வருத்தம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அதே நிலத்தில் நின்று வலது குழலில் மட்டும் ஒரு தோட்டா போட்டு, வானத்தைப் பார்த்துச் சுட்டேன். யாரோ கை வைத்து லேசாகத் தள்ளியதுபோலத் தோள் அசைந்தது. சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தது. பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் பதுங்கியிருந்த பன்றிகள் ஏழெட்டு, குட்டிகளோடு மலையைப் பார்த்து ஓடின. ஓரகத்தி கண்ணைத் திறந்து, "அவ்ளோதானா அக்கா?" என்றாள். அவ்வளவுதான். அந்த வருடம் மிச்சமிருந்த கடலையை முழுசாகப் பிடுங்கினோம்.

இப்போதும் வருடத்துக்கு ஒரு முறை துப்பாக்கியைக் காட்டச் சித்தூர் கடைக்குப் போகிறேன். போன தடவை போனபோது குடிபாலாவிலிருந்து ஒரு அம்மா தன் மகனோடு வந்திருந்தார். லைசென்ஸ் அந்த அம்மாவின் பெயரில். கடைக்காரர் மகனை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூலை அம்மாவுக்கு நகர்த்திப் போட்டார். என்னைப் பார்த்தார். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன், ஆனால் மனசு நிறைந்துவிட்டது.

ஒருவர் பேசும் விதம் பிடிக்கவில்லை என்றால் அவர் சொல்லவந்த விஷயத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிற குணம் எனக்கு அதுவரை இருந்தது. அது அன்றோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம், எத்தனை கோபம் வந்தாலும், எதிரே இருப்பவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.